மேடையில் நாத்தனார், பக்கத்தில் யார்?

அன்புள்ள வாசகிக்கு,

தை பிறந்ததும் கும்பகோணத்தில் உங்களுக்குக் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். மண்டபம், சமையல், நாயனம் எல்லாம் பேசி முன்பணமும் கொடுத்த பிறகு இந்த ஒரு விஷயத்தில் தூக்கம் கெட்டு நிற்கிறீர்கள் என்றால் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

சென்னையில் உங்களோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் புடவை எடுக்கப் போகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒருத்தி 'மெய்ட் ஆஃப் ஆனர்' என்று உங்களை ஒட்டி நிற்க வேண்டும் என்று போட்டோகிராபரே கேட்டிருக்கிறார். நீங்கள் மனதில் வைத்திருப்பது மூன்று பேர்: நான்கு வருடம் ஒரே அறையில் தங்கிய சென்னைத் தோழி, சித்தி மகள், ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த பாபநாசத்துத் தோழி. மூன்றாமவள் புருஷனை விட்டு வந்து இரண்டு வருடமாகத் தாய் வீட்டில் இருக்கிறாள். அவள் பெயரை எடுத்ததும் உங்கள் அம்மா, "வாழாவெட்டியையா மணையில உட்காரப்போற பொண்ணு பக்கத்துல நிறுத்துவே?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு நிறுத்திய பேச்சை இன்னும் நீங்கள் இருவரும் தொடங்கவில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துத் தோழிதான். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் காரணத்துக்காக இல்லை, நீங்கள் நினைத்திருக்கும் இடத்திலும் இல்லை.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நிற்பது யார் என்பது மணப்பெண் கையில் இல்லை. அந்த இடத்துக்கு நாத்தனார் என்று எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். கையில் விளக்கோடு வந்து நிற்பாள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவள் போடுவாள். கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ வருவாள். அந்த இடம் காலியாக மட்டும் இருக்காது. அதற்கென்று புடவை உண்டு, சீர் உண்டு. சீர் குறைந்தால் முப்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லிக்காட்ட ஆள் உண்டு. எதிர்ப்பக்கம் பாருங்கள். மாப்பிள்ளைத் தோழன் என்று கைபிடித்து அழைத்து வருவது உங்கள் தம்பி. மைத்துனர் மோதிரம் அவனுக்கு. பொரி இடும் வழக்கமுள்ள வீடுகளில் உங்கள் கையில் பொரியை அள்ளி வைப்பதும் அவன்தான். பெண் வீட்டுப் பிள்ளை மாப்பிள்ளைக்குத் துணை, மாப்பிள்ளை வீட்டுப் பெண் உங்களுக்குத் துணை. யாழ்ப்பாணத்திலும் இதே கணக்குத்தான்: தோழன் என்று நிற்பவன் பெண்ணின் சகோதரன், தோழி என்று நிற்பவள் மாப்பிள்ளையின் சகோதரி. டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் போன பிறகும் அந்தத் தோழியை விடவில்லை. வெள்ளைக்காரர் வழக்கத்துத் தோழிகளையும் கூடவே சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வீட்டுக்கும் முடிச்சுப் போட நம்மவர்கள் கண்டுபிடித்த வழி இது. எனக்குப் பிடித்த ஏற்பாடுதான். நாளைக்கு உங்களோடு சண்டை போடக்கூடியவளையே இன்றைக்குச் சாட்சியாக்கி, முடிச்சையும் அவள் கையாலேயே போட வைப்பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆனால் மேடை முழுக்க உறவுக்காரர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் உங்களை அறிந்தவளுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. நாத்தனாரை நீங்கள் நிச்சயதார்த்தத்தில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுவலி வந்தால் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

தேவாலயத்தில் நடக்கும் கல்யாணத்தில் இந்தக் குறை இல்லை. பூண்டியிலும் வேளாங்கண்ணியிலும் நீங்கள் பார்த்திருக்கலாம். கத்தோலிக்கத் திருமணத்துக்குக் குருவானவர் போக இரண்டு சாட்சிகள் கட்டாயம். பல குடும்பங்களில் மாப்பிள்ளைத் தோழனும் பெண் தோழியுமே பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். அங்கே அவள் பூங்கொத்தை வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் நிற்பவள் இல்லை. உங்கள் போட்டோகிராபர் அந்த வழக்கத்திலிருந்து புடவை நிறத்தை எடுத்துக்கொண்டு கையெழுத்தை விட்டுவிட்டார்.

உங்கள் அம்மாவிடம் வருகிறேன். அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிடாதீர்கள், அவர் பக்கத்தில் மிகப் பழைய ஆதாரம் இருக்கிறது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது. பந்தலில் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, உளுந்து போட்டுக் குழைய வேகவைத்த பொங்கலை விருந்துக்கு வைத்திருக்கிறார்கள். இருள் பிரியும் விடியலில், பிள்ளை பெற்ற சுமங்கலிகள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரை மணப்பெண் தலையில் ஊற்றி, கணவனுக்குப் பிரியமானவளாக இருக்கும்படி வாழ்த்துகிறார்கள். ஆக, வாழ்கிறவள்தான் வாழ்த்த வேண்டும் என்ற எண்ணத்துக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம். அந்தப் பாட்டில் தாலி இல்லை, தீ வலம் வருவது இல்லை, மந்திரம் சொல்ல ஆள் இல்லை. நடுவில் எத்தனையோ வந்து சேர்ந்தன, எத்தனையோ போயின. உளுந்துப் பொங்கலையே விட்டுவிட்டோம். யார் எட்டி நிற்க வேண்டும் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

அதே சங்கப் பாட்டுகளில் தோழி என்று ஒருத்தி வருகிறாளே, அவளை யோசித்துப் பாருங்கள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்று சொல்கிறது. தலைவியோடு ஒன்றாகவே வளர்ந்தவள். அவளுடைய வேலைகளைக் கவனித்தால் எதுவும் அலங்கார வேலை இல்லை. அடிக்கடி வந்து போகிறவனைக் கல்யாணத்தைப் பற்றிப் பேச வைப்பது அவள். மகளை முருகன் பிடித்திருக்கிறான் என்று தாய் முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட வைக்கும்போது, முருகனுமில்லை ஒன்றுமில்லை, இவள் மனதில் ஒருவன் இருக்கிறான் என்று போட்டு உடைப்பவள் அவள். பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பவளும் அவள்தான். தாயிடம் உண்மையைச் சொல்வதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்றே பெயர் வைத்தார்கள். மூன்று பேரில் உங்கள் அம்மாவிடம் போய் உங்களுக்காக ஒரு கசப்பான உண்மையைச் சொல்லக்கூடியவள் யார் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் உங்களைச் சென்னைக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரோடு வாதாடியது பாபநாசத்துக்காரி.

இன்னும் ஒருத்தியைச் சொல்ல வேண்டும். அவள் நம் காவிரிக்கரைக்காரி. பூம்புகாரில் கண்ணகிக்கு நடந்த கல்யாணத்தை இளங்கோ சிலப்பதிகாரத்தில் விரிவாகவே எழுதுகிறார். ஊருக்குச் செய்தி சொல்ல யானை மேல் பெண்கள் போகிறார்கள். நீலப் பட்டு விதானம், முத்துப் பந்தல், ரோகிணி நட்சத்திரம் எல்லாம் இருக்கின்றன. பூவும் விளக்கும் முளைப்பாலிகையும் ஏந்திப் பெண்கள் வரிசையாக வருகிறார்கள். இன்றைக்கும் நம் வீட்டுக் கல்யாணங்களில் பாலிகை தெளிக்கிறார்களே, அதேதான். இத்தனை பேர் வரும் இடத்தில் கண்ணகியின் தோழி தேவந்தியின் பெயர் கிடையாது. அவள் எப்போது வருகிறாள் தெரியுமா? கோவலன் மாதவியோடு போய், கண்ணகி தனியாகக் கிடக்கிற காலத்தில் வருகிறாள்.

தேவந்தி யார் என்று பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்காது. அவளுடைய கணவன் சாத்தன், மனித உருவில் வந்த தெய்வம். எட்டு ஆண்டு குடும்பம் நடத்திவிட்டு, தன் உண்மையான உருவத்தைக் காட்டி, இனி என் கோயிலுக்கு வா என்று சொல்லி மறைந்துவிட்டான். ஊருக்குக் கணவன் தீர்த்த யாத்திரை போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு அவள் கோயிலே கதியென்று இருக்கிறாள். கதையில் தெய்வம் என்கிறார்கள். தெருவில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் அறுகும் சிறுபூளையும் நெல்லும் தூவி, கண்ணகி கணவனை அடையட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். அந்தக் கையால் தூவலாமா என்று கண்ணகி கேட்கவில்லை, இளங்கோவும் கேட்கவில்லை.

பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். கண்ணகி தன் கெட்ட கனவை அவளிடம் சொல்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் இல்லை. தேவந்தி ஒரு யோசனை தருகிறாள்: காவிரி கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கை உண்டு, அதில் குளித்துக் காமன் கோயிலில் கும்பிட்டால் கணவனோடு இன்பமாக வாழலாம், நாமும் ஒரு நாள் போய்க் குளிப்போம். அது தன் பெருமைக்குச் சரியில்லை என்று கண்ணகி ஒரே பேச்சில் மறுத்துவிடுகிறாள். அந்த வேளையில் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான், கதை மதுரைக்குப் போய்விடுகிறது. தன் யோசனையைக் கேட்காததற்குத் தேவந்தி கோபித்துக்கொண்டாள் என்று எங்கும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, கண்ணகியை வளர்த்த தாயோடும் அடித்தோழியோடும் சேர்ந்து, புகாரிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மலைநாடு என்று அவள் நடந்தே போகிறாள். கண்ணகி கோயிலில் அன்றாடப் பூசையைச் செங்குட்டுவன் அவளிடம்தான் ஒப்படைக்கிறான்.

நீங்கள் தேட வேண்டியது இந்தக் குணத்தைத்தான். அவள் சொல்லும் யோசனையை நீங்கள் தயங்காமல் மறுக்க முடிய வேண்டும், மறுத்த பிறகும் அவள் வந்து நிற்க வேண்டும். சென்னைத் தோழியைப் பற்றி எழுதும்போது, அவள் பார்த்துச் சொன்ன பிளவுஸ் டிசைன் வேண்டாம் என்றதற்கு மூன்று நாள் பேசவில்லை என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் முகூர்த்தத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கு அவள் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் உங்கள் தலையில் விழக்கூடாது.

அந்த மூன்று மணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் முகூர்த்தம். முந்தின இரவு ரிசப்ஷன் முடிந்து நீங்கள் படுக்கவே பன்னிரண்டாகியிருக்கும். பியூட்டிஷியன் இரண்டரைக்கெல்லாம் வந்து எழுப்புவார். அப்பா எங்கே இருப்பார்? தை மாதம், சம்பா அறுப்பு. அறுவடை மெஷின் கிடைத்த அன்றைக்கு அறுத்தே ஆக வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையை நிறுத்தி வைத்திருந்தால், மகள் கல்யாணத்தன்றும் அவர் மனம் பாதி அந்தக் களத்தில்தான் கிடக்கும். அம்மா சம்பந்தி வீட்டுக்குக் காபி போயிற்றா என்று அலைவார். தம்பி மாப்பிள்ளைத் தோழன் வேஷத்தில் இருப்பான். சென்னைக் கூட்டம் உழவன் எக்ஸ்பிரஸில் விடிகாலை வந்து இறங்கி, குளித்து, ஒரே நிறப் புடவை கட்டி மண்டபத்துக்கு வரும்போது கெட்டிமேளம் முடிந்திருக்கும். இது நடந்தே தீரும் என்றில்லை, ஆனால் நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

நடுவில் கூறைப்புடவைக் கட்டம் ஒன்று வரும். மயிலாடுதுறையில் கூறைநாடு என்று ஒரு பேட்டையே அந்தப் புடவையால் பேர் பெற்றது. இப்போது நீங்கள் எடுப்பது திருபுவனமோ காஞ்சிபுரமோ, எதுவானாலும் சடங்கு ஒன்றுதான். தட்டில் வைத்துக் கொடுத்ததும் எழுந்து போய்க் கட்டிக்கொண்டு வர வேண்டும். மேடையில் ஐயர், "நேரமாறது, பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். மணமகள் அறையில் பத்துப் பெண்கள். ஒரு பெரியம்மா கொசுவம் சரியில்லை என்பார், இன்னொருவர் ஒட்டியாணத்தை மேலே ஏற்றச் சொல்வார், சின்னப் பிள்ளைகள் கண்ணாடியை மறைக்கும். வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு ஒருத்தி கட்டிவிடுவாள். ஏசி இருந்தும் உங்களுக்கு வியர்த்து ஊற்றும். அந்த அறையில் உங்களுக்குத் தேவை, பெரியம்மாவின் மனம் நோகாமல் அவரை வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தக்கூடிய ஒருத்தி. சாத்திவிட்டு, உறிஞ்சுகுழல் போட்டு நாலு மடக்குக் காபி கொடுக்க வேண்டும், லிப்ஸ்டிக் கலையாமல். மாத்திரை, ஊக்கு, நாப்கின், உங்கள் போன், நகைப்பெட்டிச் சாவி எல்லாம் ஒரே கைப்பையில் அவளிடம் இருக்க வேண்டும். "பயமா இருக்கு" என்று நீங்கள் சொன்னால், "எல்லாருக்கும் அப்படித்தான்டி" என்று தள்ளிவிடாமல், எதற்குப் பயம் என்று கேட்க வேண்டும். கல்யாணம் முறிந்து வெளியே வந்தவளைவிட அந்தக் கேள்வியை அக்கறையாகக் கேட்கக்கூடியவர் யார்? கல்யாணம் என்றால் என்ன என்று மூன்று பேரில் அவளுக்குத்தான் தெரியும்.

மேடையிலும் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. மாலை இரண்டு, பின்னலில் வைத்துத் தைத்த பூ, ஜடைநாகம், பட்டுத் தலைப்பு எல்லாம் சேர்ந்து உங்கள் பிடரியை மூடியிருக்கும். முடிச்சுப் போட மாப்பிள்ளையும் நாத்தனாரும் தடவிக்கொண்டு நிற்பார்கள். வீடியோக்காரர் "சார், ஒரு நிமிஷம்" என்பார். அந்தப் பின்னலைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை தேவை. எந்தச் சாஸ்திரத்திலும் அந்தக் கைக்குப் பெயர் இல்லை, சீர் இல்லை, சுமங்கலிதான் பிடிக்க வேண்டும் என்ற விதியும் நான் கேட்டதில்லை. அது உங்கள் தோழியின் கையாக இருக்கட்டும். நாத்தனார் இடம் நாத்தனாருக்கே இருக்கும், அம்மாவுக்கும் மறுத்துப் பேச வசதியாக எதுவும் அகப்படாது.

அகப்பட்டாலும் அவருக்குச் சொல்ல ஒரு பெயர் தருகிறேன். தஞ்சாவூரை ஒட்டிய கரந்தையில் பிறந்த டாக்டர் எஸ். தர்மாம்பாள். சித்த மருத்துவர், பெண்களுக்காகவும் தமிழுக்காகவும் மேடை ஏறியவர். தமிழ்நாட்டில் கைம்பெண் மறுமணத்துக்கு அரசு தரும் உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் மண்ணில் பிறந்த ஒருவர் பெயரைச் சொல்லி, வாழ்விழந்தவர்களுக்கு அரசாங்கமே தாலிக்குத் தங்கம் கொடுக்கிறது. நீங்கள் கேட்பது தோழி பக்கத்தில் நிற்பதற்கு மட்டும்தானே? சுயமரியாதைத் திருமணங்களை நடத்தியவர்கள் இந்த எட்டி நிற்கும் வழக்கத்தை 1920களின் கடைசியிலேயே மேடையில் உடைத்தார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தபோது, அப்படிப்பட்ட கல்யாணத்துக்குத் தேவை உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலை என்றுதான் எழுதினார்கள். நண்பர்களும் சட்டத்திலேயே இருக்கிறார்கள். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் சரி. அம்மாவிடம் இதையெல்லாம் சட்டப் புத்தகம் மாதிரி ஒப்பிக்காதீர்கள், சண்டை பெரிதாகும். அப்பாவைத் தனியாகப் பிடித்துச் சொல்லுங்கள். திண்ணையில் அந்தப் பெண்ணிடம் வாதத்தில் தோற்றவர் அவர். அவள் மேல் அவருக்கு ஒரு மரியாதை இருக்கும்.

இதில் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அவளைக் கேட்டீர்களா? கடிதத்தில் நீங்கள் பேசுகிறீர்கள், அம்மா பேசுகிறார், போட்டோகிராபர் பேசுகிறார், அவள் பேசவே இல்லை. கும்பகோணத்து மண்டபத்தில் ஐந்நூறு பேர் முன்னால் நிற்கும்போது, அவள் கழுத்தில் என்ன இருக்கிறது என்று முதல் வரிசை பார்க்கும். "இந்தப் பொண்ணு அந்த வீட்டுப் பொண்ணுதானே?" என்று பந்தியில் பேசிக்கொள்வார்கள். அவள் அதைத் தாங்கிக்கொள்வாளா, தாங்க வேண்டும் என்று விரும்புகிறாளா என்று அவள்தான் சொல்ல வேண்டும். உங்கள் முற்போக்கைக் காட்ட அவளை மேடை ஏற்றினால், அம்மா செய்வதைவிட அது மோசம். நேரில் போங்கள். போனில் கேட்டால் உங்களுக்காகச் சரி என்றுவிடுவாள். மேடை வேண்டாம், அறையில் மட்டும் இருக்கிறேன் என்று அவள் சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள், கெஞ்சாதீர்கள். இந்தப் பதிலின் தொடக்கத்தில், நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் இல்லை என்று நான் சொன்னது அதனால்தான்.

அவள் எங்கே நின்றாலும் ஒரு காரியத்தை மட்டும் அவளிடமே கொடுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதில் சாட்சிக் கையெழுத்து உண்டு. அடையாள அட்டையோடு அவளைக் கூட்டிப்போய்ப் போடச் சொல்லுங்கள். வழக்கமாக அந்த இடத்தில் யாரோ ஒரு மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிகிறவர்களுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும், அங்கே இன்னும் வசதி. போட்டோ ஆல்பத்தில் அவள் எந்த மூலையில் இருந்தாலும், பதிவேட்டில் அவள் பெயர் உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும்.

மற்ற இருவரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. சென்னைத் தோழிக்கு முந்தின நாள் மாலை ரிசப்ஷன் முழுவதையும் கொடுத்துவிடுங்கள். பாட்டு, போட்டோ, ஒரே நிறப் புடவை எல்லாம் அங்கே பொருந்தும். லீவு போட்டுவிட்டு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். புடவை நிறத்தை நீங்கள் முடிவு செய்தால் பணத்தையும் நீங்களே கொடுங்கள். எல்லார் சம்பளமும் ஒன்றில்லை, கேட்கவும் கூச்சப்படுவார்கள். சித்தி மகளுக்கு ஆரத்தித் தட்டும் சீர்வரிசைத் தட்டுகளும். அவளுக்குக் கோபம் வராது, வந்தால் அது சித்தியின் கோபமாக இருக்கும். அதை உங்கள் அம்மா பார்த்துக்கொள்வார், அக்கா தங்கைக்குள் அதெல்லாம் பழக்கம்தான்.

கடைசியாக நாத்தனார். இத்தனை பேச்சிலும் அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் தோழி பக்கத்தில் நின்று பின்னலைப் பிடிப்பாள் என்று அவருக்கு மண்டபத்தில் தெரிய வந்தால், தன் இடத்தில் வேறொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று அவர் நினைக்க எல்லா நியாயமும் உண்டு. பத்திரிகை வைக்கப் போகும்போது அம்மா அப்பா பேசிக்கொள்ளட்டும் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே நீங்களாகவே போன் செய்யுங்கள். "அண்ணி, முடிச்சுப் போடும்போது உங்களுக்குத் தோதா என் ஃப்ரெண்டு ஜடையைப் பிடிச்சுக்குவா, சரியா?" என்று கேளுங்கள். விளக்கு அவர் கையில் எத்தனை நேரம் இருக்க வேண்டும், எண்ணெய் சிந்தாமல் யார் வாங்கிக்கொள்வது என்பதையும் அப்போதே பேசிவிடலாம். அவர் தன் கல்யாணத்தில் நடந்த கூத்து ஏதாவது ஒன்றைச் சொல்லுவார். சொன்னால் பாதியில் வைக்காமல் முழுக்கக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்
தஞ்சாவூர்